லாடக்காரர் வராத 34 நாட்கள்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் குதிரைக் குளம்பைப் பார்த்துக்கொள்வது எப்படி

அந்தியூர் ஆடிச் சந்தையில் குதிரை வாங்கி வந்தவர்கள் எனக்குத் தெரிந்தே நம் பக்கத்தில் சிலர் இருக்கிறார்கள். வாங்கி வந்த ஒரு வாரத்தில் ஃபோன் வரும். "அண்ணே, லாடம் அடிக்க ஆள் இருந்தா நம்பர் குடுங்கண்ணே." நம்பர் தருகிறேன். கூடவே, குளம்பைத் தூக்கி அடியில் பார்த்தாயா தம்பி என்று கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. பல்லைப் பார்த்திருப்பார்கள், சுழி பார்த்திருப்பார்கள், நிறம் பிடித்துப்போய் விலை கூடவே கொடுத்திருப்பார்கள், ஆனால் நாலு காலையும் ஒரு தடவை தூக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

லாடம் ஐந்து வாரத்துக்கு ஒரு முறை வரும் வேலை. 35 நாளில் ஒரு நாள் லாடக்காரர் வந்து போவார், மிச்சம் 34 நாளும் அந்தக் குளம்பு நம் பொறுப்பு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் லாடம் அடிப்பவர்களில் பலர் மாட்டுக்கு அடித்துப் பழகியவர்கள். மாட்டுக் குளம்பு இரண்டாகப் பிளந்தது, அதற்கு இரண்டு தகடு, மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்துத்தான் அடிப்பார்கள். குதிரைக்கு ஒற்றைக் குளம்பு, நின்றபடியே அடிக்க வேண்டும், ஆணி வேறு, ஆணி போகும் வழியும் வேறு. மாட்டுக்கு நன்றாக அடிக்கிறவர் குதிரைக்கும் நன்றாக அடிக்கலாம், ஆனால் பக்கத்தில் நின்று பார்க்கிற உங்களுக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் குளம்பின் அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வெளியே சுற்றிலும் இருப்பது சுவர், நம் நகம் மாதிரி, அதில் உணர்ச்சி கிடையாது. உள்ளே கிண்ணம் போலக் கொஞ்சம் குழிந்திருப்பது உள்ளங்கால். சுவரும் உள்ளங்காலும் சேருகிற இடத்தில் வெளிறிய ஒரு கோடு சுற்றி ஓடும், அதை வெள்ளைக் கோடு என்று வைத்துக்கொள்வோம், லாட ஆணிக்கு அதுதான் எல்லை. குதிகாலிலிருந்து நடுவை நோக்கி முக்கோணமாக, ரப்பர் மாதிரி அழுத்தினால் லேசாக அமுங்குவதை ஆங்கிலத்தில் ஃப்ராக் என்பார்கள், கால்நடை டாக்டர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள், நானும் அதையே வைத்துக்கொள்கிறேன். அதன் இரண்டு பக்கமும் ஒரு பள்ளம், நடுவில் ஒரு சின்னப் பள்ளம். சாணி, மண், கல் எல்லாம் அடைவது இந்தப் பள்ளங்களில்தான்.

சுவர் மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர்தான் வளரும். மேலே ரோமத்தோல் முடிகிற விளிம்பில் ஆரம்பித்து, முன்பக்கம் தரையைத் தொட ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருஷம் ஆகும். அதாவது இன்றைக்குத் தரையில் தேய்கிற குளம்பு போன வருஷம் நீங்கள் போட்ட தீனி. குளம்பு வளர என்று பயோட்டின் என்கிற வைட்டமின் பவுடர் வாங்கிப் போட்டுவிட்டு ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்று நிறுத்திவிடுகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இப்போது காலைத் தூக்குவது. குதிரையின் தோளுக்குப் பக்கத்தில், அதன் வாலைப் பார்த்தபடி நில்லுங்கள். கையைத் தோளில் வைத்து, எடுக்காமல் அப்படியே காலின் பின்பக்கமாகக் கீழே இறக்குங்கள், திடீரென்று காலைப் பிடிக்கக் கூடாது. கணுவுக்குக் கொஞ்சம் மேலே நரம்பை லேசாக அழுத்தி, எப்போதும் ஒரே சொல்லைச் சொல்லுங்கள், நான் "தூக்கு" என்பேன். தூக்கியதும் தயவுசெய்து பக்கவாட்டில் இழுக்காதீர்கள், குதிரையின் உடம்புக்குக் கீழேயே வைத்திருங்கள், அதற்கு வலித்தால் உதறத்தான் செய்யும். பின்னங்காலுக்கும் இதேதான், ஆனால் இடுப்போடு ஒட்டி நிற்க வேண்டும், எட்டி நின்றால்தான் உதை முழு வேகத்தில் விழும். எக்காரணம் கொண்டும் பக்கத்தில் உட்காராதீர்கள், முட்டி போடாதீர்கள், குனிந்து மட்டும் வேலை பாருங்கள். கட்டுகிற கயிறு ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சாக இருக்கட்டும். குட்டியாக இருந்தால் முதல் வாரத்திலிருந்தே தினமும் நாலு காலையும் தொட்டுத் தூக்கிப் பழக்குங்கள், பிற்பாடு லாடக்காரர் உங்களை வாழ்த்துவார்.

சுத்தம் பண்ண ஒரு கொக்கி வேண்டும். கடையில் கிடைக்காவிட்டால் கொல்லுப் பட்டறையில் ஒரு கம்பியை வளைத்து முனையை மழுக்கித் தரச் சொல்லுங்கள், கூராக இருக்கக் கூடாது. குதிகாலிலிருந்து முன்பக்கம் நோக்கித்தான் இழுக்க வேண்டும், எதிர்த்திசையில் இழுத்தால் ஃப்ராக்கில் குத்திவிடும். பள்ளங்களைச் சுத்தம் செய்து, பிரஷ்ஷால் துடைத்து, அப்புறம் மூக்கைக் கிட்டே கொண்டுபோங்கள். நல்ல குளம்பில் மண் வாசனைதான் வரும். அழுகிய நாற்றம் வந்தால் அடுத்த பத்தியைக் கவனமாகப் படியுங்கள். கடைசியாக உள்ளங்கையைச் சுவர் மேல் வைத்துச் சூடு பாருங்கள், நாலு குளம்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஒன்று மட்டும் கொதித்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. பழகிவிட்டால் நாலு காலுக்கும் பத்து நிமிஷம் போதும்.

நம் ஊரில் குளம்புக்குப் பெரிய எதிரி ஐப்பசி, கார்த்திகை. 2011-இல் 'தானே', 2024-இல் 'ஃபெஞ்சல்' என்று புயல்கள் கரை ஏறுவதும் நம் பக்கம்தான். ஃபெஞ்சலுக்கு அப்புறம் தென்பெண்ணையில் தண்ணீர் வந்ததே, அப்போது என் குதிரைகள் இரண்டும் மூன்று நாள் ஈரத்திலேயே நின்றன. எனக்கு வேறு வழி இருக்கவில்லை. பத்தாம் நாள் சின்னப்பொண்ணு, அதுதான் என் மட்டக்குதிரை, அதன் பின்னங்கால் ஃப்ராக்கின் நடுப்பள்ளத்தில் கறுப்பாக, பிசுபிசுவென்று, முகத்தைத் திருப்பிக்கொள்கிற மாதிரி நாற்றம். காற்றுப் படாத ஈரத்தில், சாணியும் மூத்திரமும் சேர்ந்த இடத்தில் வளர்கிற கிருமிதான் இதைச் செய்கிறது. ஆரம்பத்தில் குதிரை நொண்டாது, அதனால் காலைத் தூக்காதவருக்குத் தெரியவே தெரியாது, நொண்ட ஆரம்பிக்கும்போது அழுகல் உயிருள்ள சதைக்குப் போயிருக்கும்.

இதற்கு நான் செய்வது: முதலில் இடத்தை மாற்றுவேன். ஒரு மேடு, அதன் மேல் காய்ந்த மணல், அல்லது கருக்காய், உமி, எது கிடைக்கிறதோ அது. ஈரத்தில் நிறுத்திக்கொண்டே மருந்து போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை. அப்புறம் தினம் இரண்டு வேளை பள்ளத்தைச் சுத்தம் செய்து, கழுவினால் துணியால் நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, பொவிடோன் அயோடினில் பஞ்சை நனைத்து நடுப்பள்ளத்தில் அடியில் படும்படி வைப்பேன். மயில்துத்தம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது வேலை செய்யும், ஆனால் பொடியாகவோ கெட்டிக் கரைசலாகவோ புண்ணில் போட்டால் நல்ல சதையையும் பொசுக்கும், டாக்டர் சொல்கிற அளவில் மட்டும் போடுங்கள். தொங்குகிற ஃப்ராக் துண்டுகளை லாடக்காரர் வெட்டிவிட்டால் காற்று உள்ளே போகும். சின்னப்பொண்ணுக்கு மூன்று வாரம் பிடித்தது.

கோடையில் தலைகீழ். அக்னி நட்சத்திரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலைத் தாரில் மத்தியானம் குதிரையை நடத்தாதீர்கள், காய்ந்த குளம்பில் அதிர்ச்சி முழுக்க எலும்புக்குப் போகும். அதோடு ஒரு நாள் ஊறுவது, ஒரு நாள் காய்வது என்று மாறி மாறி நடந்தால் ஆணி ஓட்டை பெரிதாகி லாடம் ஆடும், இது கடற்கரையில் சவாரி விடும் குதிரைகளுக்கு அதிகம். சில்வர் பீச்சில் சாயங்காலம் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கால்களைக் கழுவி, லாடத்துக்கும் உள்ளங்காலுக்கும் நடுவில் இறுகிய மணலைக் கொக்கியால் எடுத்துவிட்டுக் கட்டுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் என்னோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு. வேப்பெண்ணெயோ தேங்காயெண்ணெயோ மெல்லிசாகத் தடவுவதில் தப்பில்லை, ஆனால் அதனால் குளம்பு வளராது, குளம்பு வளர்வது மேல் விளிம்பிலிருந்து, உள்ளே போகும் தீனியால். ஈரக் குளம்பின் மேல் கெட்டியாகப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். வண்டியிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலைப் பூசுகிறார்களே, அதை விட்டுவிடுங்கள், பளபளப்பு ஒரு நாள், தோலில் புண் ஒரு மாதம்.

சரி, சீவுவதற்கு வருவோம். லாடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குளம்பைச் சீவித்தான் ஆக வேண்டும், ஐந்து அல்லது ஆறு வாரத்துக்கு ஒரு முறை. சீவுவதற்கு முன் குதிரையைச் சமதரையில், சிமெண்ட் தரையாக இருந்தால் நல்லது, நேராக நிறுத்திப் பக்கவாட்டில் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். கணுவுக்குக் கீழே இறங்குகிற சரிவும் குளம்பின் முன்பக்கச் சரிவும் ஒரே கோடாக ஓட வேண்டும். நம் பக்கத்தில் நான் அதிகம் பார்க்கிற தப்பு, முன்பக்கம் நீண்டு, குதிகால் தாழ்ந்து, குளம்பு செருப்பு மாதிரி முன்னே ஓடியிருப்பது. அப்படி விட்டால் ஒவ்வொரு அடியிலும் பின்பக்க நரம்பு தேவையில்லாமல் இழுபடும். எல்லாக் குதிரைக்கும் இத்தனை டிகிரி என்று ஒரே கணக்கு கிடையாது, அந்தக் குதிரையின் கணுச் சரிவுதான் கணக்கு.

கத்தி வைக்கிறவர் உள்ளங்காலைத் தோண்டித் தோண்டி வெள்ளையாக, அழகாக ஆக்கினால் நிறுத்துங்கள். தானாக உதிர்கிற பொருக்கு மட்டும் போனால் போதும். உள்ளங்கால் மெலிந்த குதிரை மறுநாள் ஜல்லியில் கால் வைக்கும்போது படுகிற பாட்டைப் பார்த்தால் இரண்டாவது தடவை அனுமதிக்க மாட்டீர்கள். ஃப்ராக்கும் அப்படித்தான், தொங்குகிற கிழிசலைத் தவிர வேறெதுவும் போக வேண்டாம், அது தரையில் பட வேண்டிய பகுதி.

லாடம் வேண்டுமா வேண்டாமா? வேலையைப் பொறுத்தது. வானூர், ஆரோவில் பக்கச் செம்மண்ணிலும் மணலிலும் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் சவாரி போகிற குதிரைக்கு நல்ல சீவல் இருந்தால் வெறுங்கால் போதும் என்பது என் அபிப்பிராயம். தினமும் தாரில் வண்டி இழுப்பது, கல்யாண ஊர்வலம், நீண்ட தூரம் நடப்பது என்றால் வளர்வதைவிடத் தேய்வது அதிகம், அதற்கு லாடம் வேண்டும். குதிரையின் கனத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்காலில்தான் நிற்கிறது, அதனால் முன்னங்கால் இரண்டுக்கு மட்டும் அடிப்பதும் சரியான வழிதான். வருஷக்கணக்கில் லாடத்தில் நின்ற குதிரைக்குக் கழற்றினால் சில வாரம் கூசும், அந்த நாட்களில் மென்மையான தரையில் விடுங்கள்.

லாடம் அடிக்கும் அன்றைக்கு நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும். வேலைக்காரப் பையனிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டு ஆபீஸ் போகாதீர்கள். கவனிக்க வேண்டியது முதலில் இது: லாடத்தைக் குளம்புக்குப் பொருத்துகிறாரா, குளம்பை லாடத்துக்குப் பொருத்துகிறாரா? கையில் இருக்கிற லாடம் சின்னதாக இருந்தால், அதை அடித்துவிட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற குளம்பை அரத்தால் ராவிவிடுவது சுலபம், பார்வைக்கும் கச்சிதமாக இருக்கும், ஆனால் சுவர் மெலிந்து அடுத்த தடவை ஆணி பிடிக்க இடம் இருக்காது. முன்னங்கால் குளம்பு வட்டமானது, பின்னங்கால் குளம்பு கொஞ்சம் கூர்ந்தது, இரண்டுக்கும் ஒரே லாடத்தை அடிக்கிறவரிடம் கேள்வி கேளுங்கள். லாடத்தின் இரண்டு முனையும் குதிகால் முடிகிற வரை வந்து தாங்க வேண்டும்.

ஆணிக்கு வருகிறேன், இங்கேதான் நான் அடிபட்டேன். குதிரை ஆணி தட்டையானது, நுனியில் ஒரு பக்கம் மட்டும் சாய்த்து வெட்டியிருக்கும், தலையிலும் அந்தப் பக்கம் அடையாளம் இருக்கும். அடையாளம் உள்பக்கம், அதாவது ஃப்ராக்கைப் பார்த்து இருக்கும்படி அடித்தால் ஆணி தானாக வெளியே வளைந்து சுவரைத் துளைத்துக்கொண்டு வரும். திருப்பி அடித்தால் உள்ளே, உயிருள்ள இடத்துக்குப் போகும். தச்சு ஆணி, கம்பி ஆணி வேண்டவே வேண்டாம். பக்கத்துக்கு மூன்று, அல்லது வெளிப்பக்கம் நாலு உள்பக்கம் மூன்று போதும். குளம்பு அதிக அகலமாக இருக்கிற இடத்தைத் தாண்டிப் பின்னால் ஆணி அடிக்கக் கூடாது, ஒவ்வொரு அடிக்கும் குதிகால் விரிந்து சுருங்க வேண்டும், அங்கே ஆணி அடித்தால் அதைக் கட்டிப்போட்ட மாதிரி. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நுழைந்து, சுவரில் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் எல்லா ஆணியும் ஒரே வரிசையில் வெளிவர வேண்டும். வெளிவந்த முனையை அப்போதே முறித்துவிட வேண்டும், குதிரை காலை இழுத்தால் அந்த முனை ஆளின் தொடையைக் கிழித்துவிடும்.

சத்தத்தையும் கேளுங்கள். நல்ல சுவரில் போகிற ஆணிக்கு 'டங் டங்' என்று ஒவ்வொரு அடிக்கும் சத்தம் இறுகிக்கொண்டே வரும். மொத்தையாக, 'பொத்' என்று விழுந்தால் ஆணி வழி மாறியிருக்கிறது. என் செவலைக்கு ஒரு தடவை மூன்றாவது ஆணியில் அந்தச் சத்தம் வந்தது, குதிரை காலை வெடுக்கென்று இழுத்தது, அடித்தவர் "கூச்சம் தம்பி, ஒண்ணும் இல்ல" என்று சொல்லி அடுத்த ஆணிக்குப் போனார், வயசில் பெரியவர் என்று நானும் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் காலை செவலை அந்தக் காலைத் தரையில் ஊன்றவே இல்லை. அந்த ஆணியைப் பிடுங்கியதும் கறுப்பாகச் சீழ் வந்தது. குதிரை அப்படி இழுத்தால், யாராக இருந்தாலும் சரி, "ஐயா, அந்த ஆணியை எடுத்துடுங்க" என்று சொல்லுங்கள். எடுத்த ஆணியின் நுனியில் ஈரமோ ரத்தமோ இருந்தால் அந்த ஓட்டையில் அயோடின் ஊற்றுங்கள், அதில் மறுபடி ஆணி அடிக்க விடாதீர்கள், டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

முதல் நாள் வரை நன்றாக நடந்த குதிரை மறுநாள் கால் எலும்பு முறிந்த மாதிரி நொண்டினால், பல நேரம் குளம்புக்குள் சீழ் கட்டியிருக்கும். அதைச் சரியான இடத்தில் திறந்து வடிக்க வேண்டும், அது டாக்டரின் வேலை. அதற்குப் பிறகு தினமும் வெதுவெதுப்பான எப்சம் உப்புத் தண்ணீரில் குளம்பை இருபது நிமிஷம் வைத்து, துடைத்து, பஞ்சு வைத்துக் கட்டுவது நம் வேலை. தெருவில் கிடந்த ஆணியோ கம்பியோ ஃப்ராக்கில் ஏறி நின்றால் அவசரத்தில் பிடுங்கக் கூடாது, எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் என்று டாக்டர் அப்படியே பார்த்தால் நல்லது, அதுவரை நடக்கவிடாமல் நிறுத்துங்கள். உடனே வர ஆள் இல்லாமல் எடுத்தே தீர வேண்டும் என்றால் நுழைந்த இடத்தை ஃபோட்டோ எடுத்து, சுற்றிலும் மார்க்கரால் குறித்துவிட்டு எடுங்கள். டெட்டனஸ் குதிரைக்கு மிகச் சுலபமாக வரும், கிருமி மண்ணிலும் சாணியிலும் இருக்கிறது. அதற்குத் தடுப்பூசி உண்டு: முதலில் நாலு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு ஊசி, அப்புறம் வருஷம் ஒன்று. புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

பொங்கலும் கோயில் திருவிழாவும் வந்தால் நான் குதிரைப் பக்கத்தை விட்டு நகர மாட்டேன். அன்பாகத்தான் கொடுக்கிறார்கள், சர்க்கரைப் பொங்கல், அரிசி, வெல்லம், வாழைப்பழச் சீப்பு, ஆளுக்குக் கொஞ்சம். குதிரையின் வயிறு மாட்டின் வயிறு இல்லை. மாவுச்சத்து அளவுக்கு மீறினால் குடலில் புளித்து, அதன் விளைவு ஒன்றிரண்டு நாளில் குளம்பில் வந்து நிற்கும். சுவரையும் உள்ளே இருக்கிற எலும்பையும் பிடித்துக்கொண்டிருக்கும் மெல்லிய அடுக்குகள் வீங்கி விட்டுப்போகும், ஆங்கிலத்தில் லாமினைட்டிஸ். குதிரை முன்னங்காலை முன்னே நீட்டி, கனத்தைப் பின்னால் சாய்த்து, நெருப்பில் நிற்கிற மாதிரி நிற்கும், திரும்பச் சொன்னால் திரும்பாது. கணுவின் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் விரலை வைத்தால் சாதாரண நாளில் நாடி தேடித்தான் கிடைக்கும், இப்போது திம் திம் என்று விரலைத் தள்ளும். அந்த நிமிஷமே டாக்டரைக் கூப்பிடுங்கள். அவர் வருவதற்குள் தானியத்தை அடியோடு நிறுத்தி, நடக்க வைக்காமல், குளம்பையும் கணுவையும் ஐஸ் தண்ணீரில் வையுங்கள், முதல் இரண்டு மூன்று நாள் விடாமல் குளிர்ச்சி வேண்டும். கடலூர்க்காரர்கள் மீன்பிடித் துறைமுகப் பக்கம் ஐஸ் கட்டிக்குக் கேட்டுப் பாருங்கள். நடந்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஒவ்வொரு அடியும் அந்த அடுக்கைக் கிழிக்கிறது.

ஆடுகிற லாடத்தை நீங்களே கழற்றத் தெரிந்துகொள்ளுங்கள். பாதி கழன்ற லாடத்தின் ஆணி மேல் குதிரை தானே கால் வைத்துக் குத்திக்கொள்ளும், லாடக்காரர் மறுநாள்தான் வருவார். வீட்டில் ஒரு அரம், ஒரு குறடு, ஒரு சுத்தியல், ஒரு மழுங்கிய உளி இருந்தால் போதும். சுவரில் மடக்கியிருக்கிற ஆணி முனைகளை உளியால் நிமிர்த்துங்கள் அல்லது ராவிவிடுங்கள். குறடைக் குதிகால் பக்கம் லாடத்துக்கு அடியில் நுழைத்து, குளம்பின் நடுப்பக்கம் நோக்கி அழுத்திக் கொஞ்சம் தூக்கி, அடுத்த பக்கம் கொஞ்சம், இப்படி மாறி மாறி முன்னே போங்கள். வெளிப்பக்கமாக முறுக்கினால் சுவர் பெயர்ந்து வரும். கழற்றியதும் ஆணிகளை எண்ணுங்கள், ஒன்று குறைந்தால் லாயத்தில் தேடி எடுத்துவிட்டுத்தான் படுக்கப் போக வேண்டும். அப்புறம் துணி சுற்றி, மேலே அகலமான டேப் ஒட்டிவிட்டால் லாடக்காரர் வருகிற வரை சுவர் உடையாது.

லாடம் அடித்த தேதியை லாயத்துச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைக்கிறேன், பக்கத்திலேயே 35 நாள் கழித்து வரும் தேதியும். செப்டம்பர் கடைசியில் ஒரு தேதி விழுகிற மாதிரி பார்த்துக்கொள்கிறேன், மழை ஆரம்பிக்கும்போது குளம்பு சீவிச் சுத்தமாக இருக்க வேண்டும். கட்டுத்துறைக்கு ஒரு வண்டி மணல் அடிப்பதும் அந்த வாரத்தில்தான்.